வெள்ளிக் கூட்டுக்குள் மிஸ்டர் ஆர்னால்டு



பழைய கடிகாரங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பலவற்றைத் தொட்டுக்கொண்டு போவதைவிட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் பேசுவது எனக்குப் பிடிக்கும். 1794ஆம் ஆண்டு ஜான் ஆர்னால்டின் பட்டறையிலிருந்து வெளிவந்த கடிகாரம் அது. அதன் எண் 485/786. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவுதான். ஆனால் உள்ளே இருப்பது கப்பல் இருக்கும் இடத்தைக் கணிக்க உதவுகிற தரத்துக்குச் செய்த இயந்திரம், அதாவது குரோனோமீட்டர். கூடு வெள்ளி. செய்தபோது தங்கக் கூடு போட்டிருந்தார்கள். அது வெள்ளியாக மாறிய கதையைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடிகாரம் நூறாண்டுக்கு மேல் லண்டன் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்கி நேரத்தை விற்றது. அதைக் கடைசியாகச் சுமந்த பெண்மணி வீட்டுப் பெரியவரைச் சொல்வதுபோல ‘மிஸ்டர் ஆர்னால்டு’ என்றுதான் அதைச் சொல்வார்.

நேரம் விற்ற கடிகாரம் என்றதும் அது விநாடி பிசகாமல் ஓடியிருக்கும் என்று தோன்றும். அதுவும் முந்தும், பிந்தும். வாரம் ஒருமுறை கிரீன்விச் வானாய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே யாரும் முள்ளைத் திருப்பிச் சரி செய்ய மாட்டார்கள். இன்றைக்கு இவ்வளவு முந்தி இருக்கிறது, அல்லது பிந்தி இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் கடிகாரத்தைப் பார்த்து, சீட்டில் உள்ளதைக் கூட்டிக் கழித்துக்கொள்வார்.

குரோனோமீட்டர் என்ற பொருளைப் புரிந்துகொள்ள இதுதான் வாசல். தினமும் 3 விநாடி தவறாமல் முந்துகிற கடிகாரம் மாலுமிக்கு அருமையான கடிகாரம். 30 நாள் கழித்து 90 விநாடியைக் கழித்துக்கொண்டால் முடிந்தது. ஒருநாள் 5 விநாடி முந்தி, மறுநாள் 7 விநாடி பிந்தி, மாதக் கடைசியில் தற்செயலாகச் சரியான நேரத்தில் வந்து நிற்கிற கடிகாரம் அவனைப் பாறையில் கொண்டுபோய் மோத வைக்கும். பிசகு இருந்தால் பாதகமில்லை, அது ஒரே சீராக இருக்க வேண்டும். ஆர்னால்டு தன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை இந்த ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

கடல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. நிலநடுக்கோட்டில் 4 விநாடிப் பிழை ஒரு கடல் மைல் பிழையாகிவிடும். கப்பல் இருக்கும் இடத்தின் நண்பகலைச் சூரியனைப் பார்த்து அறியலாம். புறப்பட்ட துறைமுகத்தில் அப்போது மணி என்ன என்பது தெரிந்தால் தீர்க்கரேகை கிடைத்துவிடும். அதைச் சொல்ல ஒரு கடிகாரம் வேண்டும். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இந்தச் சிக்கலைத் தீர்ப்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசு என்று சட்டம் போட்டது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் தன் ஆயுளையே அதற்குக் கொடுத்து, 1759இல் தன் நான்காவது கருவியை முடித்தார். 13 சென்டிமீட்டர் குறுக்களவு, வெள்ளிக் கூடு, பார்த்தால் பெரிய சட்டைப்பைக் கடிகாரம் போல இருக்கும். அதைப் பார்த்து லார்கம் கெண்டல் என்பவர் ஒரு நகல் செய்தார். அந்த ஒற்றை நகலுக்கு அரசாங்கம் 450 பவுன் கொடுத்தது. கடிகாரத்தால் தீர்க்கரேகை காண முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் ஆயிரக்கணக்கான கப்பல்களுக்கு அந்த விலையில் யார் செய்து கொடுப்பது? அந்த இடத்தில்தான் நம் ஆள் வருகிறார்.

ஆர்னால்டு 1736இல் கார்ன்வால் பகுதியில் பாட்மின் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் கடிகாரத் தொழிலாளி. மகன் அவரிடமே வேலை பழகினார். இளவயதில் ஹாலந்துக்குப் போய் வேலை செய்துவிட்டுத் திரும்பினார். சில காலம் ஊர் ஊராகச் சுற்றி ரிப்பேர் வேலை பார்த்தார். பிறகு லண்டனில் ஸ்ட்ராண்டு வீதியை ஒட்டிய டெவரூ கோர்ட்டில் கடை போட்டார். 1764இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு மோதிரம் கொடுத்தார். மோதிரத்தில் கல் இருக்க வேண்டிய இடத்தில் கடிகாரம். அதுவும் சும்மா ஓடுகிற கடிகாரமல்ல, கேட்டபோது மணியும் கால்மணியும் அடித்துச் சொல்லும். மன்னர் 500 கினி கொடுத்தார். ருஷ்யப் பேரரசி அதே போல ஒன்றுக்கு இரட்டை விலை தருவதாகச் சொல்லியும் ஆர்னால்டு மறுத்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்த மோதிரம் அவருக்கு அரண்மனைக் கதவைத் திறந்தது.

அரண்மனை அலங்காரத்திலேயே அவர் நின்றிருந்தால் இன்று நான் அவரைப் பற்றிப் பேச வந்திருக்க மாட்டேன். கைவசம் இருந்த அந்தச் சுலபமான பெருமையை ஒதுக்கிவிட்டு அவர் கடல் கடிகாரத்துக்குத் திரும்பினார். முதல் அடியே சறுக்கியது. 1772இல் கேப்டன் குக் இரண்டாம் பயணம் புறப்பட்டபோது, அவருடைய ரெசல்யூஷன் கப்பலில் கெண்டலின் நகலோடு ஆர்னால்டின் கடிகாரம் ஒன்றும், துணைக்கப்பலான அட்வெஞ்சரில் ஆர்னால்டின் கடிகாரங்கள் இரண்டும் ஏறின. கெண்டலின் கடிகாரம் குக்கின் மனத்தை வென்று திரும்பியது. ஆர்னால்டுடையவை ஏமாற்றிவிட்டன. அந்தக் காலத்தில் இதைவிடப் பகிரங்கமான தோல்வி ஒரு கடிகாரக்காரருக்கு இருக்க முடியாது. ஆனால் 1773இல் ஃபிப்ஸ் என்ற கப்பல்தலைவர் வட துருவம் நோக்கிப் போனபோது, ஆர்னால்டின் சட்டைப்பைக் கடிகாரம் ஒன்று அவருடன் போய் நன்றாகவே ஓடியது. பெரிய பெட்டிக் கடிகாரம் தோற்ற இடத்தில் சின்னக் கடிகாரம் நின்றது.

இனி அவர் என்ன மாற்றினார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வதில் பொருளில்லை.

நம் ஊர் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் ஒரு பழைய வாட்ச்சைத் திறந்து காட்டச் சொன்னால், இடமும் வலமுமாக ஆடுகிற சக்கரம் ஒன்றைக் காட்டுவார். அதுதான் பாலன்ஸ். அதை இழுத்துத் திருப்புகிற மெல்லிய வில், ஹேர் ஸ்பிரிங். சுவர்க் கடிகாரத்தில் பெண்டுலம் செய்கிற வேலையை வாட்ச்சில் இந்த இரண்டும் சேர்ந்து செய்கின்றன. இவற்றின் ஆட்டத்தைக் கெடுப்பவை மூன்று: வெப்பம், ஆட்டத்தின் அகலம், எண்ணெய்.

வெப்பம் ஏறினால் ஹேர் ஸ்பிரிங் தளர்ந்துபோகும், கடிகாரம் பிந்தும். லண்டனில் சரியாக ஓடியது வங்காள விரிகுடாவில் சரியாக ஓடாது. ஆர்னால்டு பாலன்ஸ் சக்கரத்துக்குள்ளேயே மாற்று மருந்தை வைத்தார். பித்தளையையும் எஃகையும் ஒட்டிச் செய்த பட்டை அதில் இருக்கும். எஃகைவிடப் பித்தளை அதிகம் விரியும். ஆகவே சூடு ஏறினால் பட்டை வளைந்து, அதன் நுனியில் உள்ள எடை மையத்தை நோக்கி நகரும். எடை உள்ளே வந்தால் சக்கரம் வேகமாக ஆடும். வில் தளர்ந்ததால் வந்த தாமதத்தை இது ஈடுகட்டிவிடும். ஹாரிசனும் இரட்டை உலோகத்தைப் பயன்படுத்தியவர்தான், ஆனால் அவர் அதை வில்லின் பக்கம் வைத்தார். சக்கரத்தில் வைத்தால் வில்லைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாம் என்பது ஆர்னால்டு கண்ட வழி.

தொந்தரவில்லாமல் விட்ட அந்த வில்லை அவர் வேறு உருவத்தில் அமைத்தார். வழக்கமான ஹேர் ஸ்பிரிங் கொசுவர்த்திச் சுருள் போலத் தட்டையாகச் சுற்றியிருக்கும். ஆர்னால்டு அதை உருளை வடிவில், ஒரே அகலத்தில் மேலே ஏறுகிற சுருளாகச் செய்தார். 1775இல் அவர் வாங்கிய காப்புரிமையில் இந்தச் சுருளும் ஈடுகட்டும் சக்கரமும் இருக்கின்றன. 1782இல் இன்னொன்று வாங்கினார். அதில் சுருளின் இரு நுனிகளையும் ஒரு குறிப்பிட்ட வளைவில் உள்ளே மடக்கும் முறை இருக்கிறது. பார்க்கச் சின்ன மடிப்புதான். ஆனால் அந்த மடிப்பு இருந்தால் சுருள் ஒரு பக்கம் சாயாமல் மையம் மாறாமல் விரிந்து சுருங்கும். சக்கரம் அகலமாக ஆடினாலும் குறுகலாக ஆடினாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் ஒன்றாகவே இருக்கும். கப்பல் குலுங்கும்போது ஆட்டத்தின் அகலம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இது பெரிய விஷயம். கடல் குரோனோமீட்டர்களில் இந்த உருளைச் சுருள் 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் மாறவே இல்லை.

மூன்றாவது எண்ணெய். அன்றைய எண்ணெய் விலங்குக் கொழுப்பு, தாவரம் இவற்றிலிருந்து எடுத்தது. மாதம் ஆக ஆகக் கெட்டிப்படும். கெட்டிப்பட்டால் உராய்வு மாறும், ஓட்டமும் மாறும். ஹாரிசனின் கடிகாரத்தில் பாலன்ஸுக்கு விசை கொடுக்கும் இடத்தில் எண்ணெய் தேவைப்பட்டது. ஆர்னால்டு கையாண்ட அமைப்பு டிடென்ட் எனப்படுவது. ஒரு மெல்லிய எஃகுப் பட்டை பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும். பாலன்ஸ் ஒரு திசையில் ஆடி வரும்போது அந்தப் பட்டையைத் தட்டிவிடும். ஒரு பல் நகர்ந்து பாலன்ஸுக்கு ஒரு தள்ளு கொடுக்கும். பட்டை மீண்டும் பூட்டிக்கொள்ளும். திரும்பி வரும் ஆட்டத்தில் தள்ளு கிடையாது. மற்ற நேரமெல்லாம் பாலன்ஸ் தன்பாட்டுக்குச் சுதந்திரமாக ஆடுகிறது. உரசிச் சறுக்குகிற இடம் மிகக் குறைவு என்பதால் அங்கே எண்ணெயே போட வேண்டாம் என்ற நிலை கடைசியில் வந்தது.

இந்த நுட்பத்துக்கு ஒரு பலவீனமும் உண்டு. டிடென்ட் வாட்ச் நின்றுவிட்டால் சாவி கொடுத்தால் மட்டும் ஓடாது. மெல்ல ஒரு சுழற்று சுழற்றித்தான் உயிர் கொடுக்க வேண்டும். கையை வெடுக்கென்று திருப்பினால் ஒரு பல்லுக்குப் பதில் இரண்டு பல் தாவிவிடலாம். பெட்டிக்குள் கிடைமட்டமாகத் தொங்கும் கப்பல் குரோனோமீட்டருக்கு அந்தப் பயம் குறைவு. சட்டைப்பையில் திரிகிற குரோனோமீட்டருக்கு அதிகம். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டில், இந்தப் பலவீனம் இல்லாத லீவர் வாட்ச் வந்து சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டது, பாக்கெட் குரோனோமீட்டர் அரிய பொருளாகிவிட்டது.

ஆர்னால்டின் உழைப்புக்கான சான்று அவருடைய 36ஆம் எண் கடிகாரத்தில் கிடைத்தது. 1779இல் கிரீன்விச்சில் அரசு வானியலாளர் மாஸ்கலின் பொறுப்பில் அதன் சோதனை தொடங்கியது. 13 மாதம் ஓடியதில் சேர்ந்த மொத்தப் பிழை 2 நிமிடம் 32.2 விநாடி. தீர்க்கரேகையில் இது ஏறத்தாழ 38 கலை (60 கலை ஒரு பாகை), அரைப் பாகைக்குக் கொஞ்சம் அதிகம். 1714ஆம் ஆண்டுச் சட்டம் முழுப் பரிசுக்குக் கேட்டது, மேற்கிந்தியத் தீவுகள் வரை போகிற சில வாரப் பயணத்தில் அரைப் பாகைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான். அந்த அளவை ஒரு சட்டைப்பைக் கடிகாரம் 13 மாதத்துக்குக் கிட்டத்தட்ட எட்டிவிட்டது! 1780இல் ஆர்னால்டு இந்தக் கணக்கைச் சிறு நூலாக அச்சிட்டார். குரோனோமீட்டர் என்ற பெயரை இன்றைய பொருளில் ஊரறியச் செய்தது அந்த நூல்தான்.

அப்போது அவருக்குத் துணை நின்றவர்களில் அலெக்சாண்டர் டால்ரிம்பிள் முக்கியமானவர். பதினைந்து பதினாறு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக 1753இல் சென்னைக்கு வந்து இறங்கியவர் அவர். பின்னாளில் கம்பெனிக்கும், பிறகு கடற்படைக்கும் கடல் வரைபட அதிகாரியானார். கடலில் குரோனோமீட்டரை எப்படிக் கையாள வேண்டும் என்று மாலுமிகளுக்கு ஒரு குறிப்பு நூல் எழுதினார். கம்பெனிக் கப்பல்களின் தலைவர்கள் ஆர்னால்டின் நல்ல வாடிக்கையாளர்களானதில் அவருக்குப் பங்குண்டு. கிழக்கே வந்து சேர்ந்த கப்பல்தலைவன் தன் கடிகாரத்தின் பிசகை மறுபடி அளந்து பார்க்க, தீர்க்கரேகை உறுதியாகத் தெரிந்த ஒரு கரை வேண்டும். 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த சென்னை வானாய்வகம் அந்தத் தேவையோடு பிறந்ததுதான். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய அதன் நேரம்தான் பின்னாளில் இந்திய ரயில்களையும் ஓட்டியது.

ஆர்னால்டைப் பற்றிப் பேசினால் தாமஸ் எர்ன்ஷாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. டிடென்ட்டை வில்பட்டையாக அமைக்கும் யோசனை தன்னுடையது, அதைத் தான் ஜான் பிராக்பேங்க் என்பவரிடம் நம்பிக் காட்டினேன், அவர் ஆர்னால்டிடம் சொல்லிவிட்டார் என்று எர்ன்ஷா குற்றம் சாட்டினார். காப்புரிமை வாங்கப் பணமில்லாததால் தாமஸ் ரைட் என்ற கடிகாரக்காரரின் பெயரில் 1783இல் வாங்கினார். ஆர்னால்டு அதற்கு முந்திய ஆண்டே வாங்கிவிட்டிருந்தார். சண்டை ஆர்னால்டு இறந்த பிறகும் ஓயவில்லை. 1805இல், தீர்க்கரேகைப் பரிசுகளைக் கவனித்த தீர்க்கரேகை வாரியம், முன்பே கொடுத்ததையும் சேர்த்து ஆளுக்கு 3,000 பவுன் என்று முடித்தது. ஆர்னால்டின் பங்கை மகன் வாங்கிக்கொண்டார். எர்ன்ஷாவின் மனக்குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். அவருடைய டிடென்ட் வடிவம் எளிமையானது. பிற்காலத்தில் எல்லாரும் பின்பற்றியதும் அதைத்தான். பித்தளையை உருக்கி எஃகோடு இணைக்கும் அவருடைய முறையும் நிலைத்தது. ஆனால் அந்த டிடென்ட் வேலை செய்தது ஆர்னால்டின் உருளைச் சுருளோடு சேர்ந்துதான். ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு பேரின் வேலை ஒரே கூட்டுக்குள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நூற்றைம்பது ஆண்டு ஓடியது.

எசெக்ஸில் சிக்வெல் என்ற ஊரில் ஆர்னால்டு பட்டறை வைத்தார். ஆளுக்கொரு பாகம் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்து, கடைசிச் சரிசெய்தலைத் தன் கையில் வைத்துக்கொண்டார். நூற்றுக்கணக்கில் குரோனோமீட்டர்கள் வெளிவந்தன. ஹாரிசனின் மேதைமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கப்பலில் ஏறுகிற சாதாரண அதிகாரி தன் பையில் ஒரு குரோனோமீட்டர் வைத்துக்கொள்ள வழி செய்தவர் ஆர்னால்டு. அதை ஹாரிசனின் சாதனைக்கு ஒரு படியும் கீழாக வைக்க எனக்கு மனம் வருவதில்லை. 1799 ஆகஸ்டில் அவர் இறந்தார். மகன் ஜான் ரோஜர் பாரிஸில் பிரெகே என்ற பெரும் கடிகார மேதையிடம் பயின்றவர். 1808இல் பிரெகே, பாலன்ஸே ஒரு கூண்டோடு சேர்ந்து சுழலும் தன் முதல் டூர்பியோன் அமைப்பை ஆர்னால்டின் பழைய 11ஆம் எண் கடிகாரம் ஒன்றுக்குள் பொருத்தி, நண்பரின் நினைவாக என்று பொறித்து மகனுக்குக் கொடுத்தார். அது இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தொழிலில் சமமானவர் ஒருவர் செலுத்திய அஞ்சலி என்பதால் அதை மன்னர் கொடுத்த 500 கினியைவிட உயர்வாக நினைக்கிறேன்.

இனி நம் 485க்கு வருவோம். இது மூன்றாம் ஜார்ஜின் மகன் சசெக்ஸ் கோமகனுக்காகச் செய்தது. படுக்கையைச் சூடேற்றும் சட்டி போலப் பெரிதாக இருக்கிறது என்று அவர் வேண்டாமென்றாராம். கைமாறி அது கிரீன்விச் வானாய்வகத்துக்கு வந்து, அங்கே உதவியாளராக இருந்த ஜான் ஹென்றி பெல்வில்லிடம் சேர்ந்தது.

லண்டன் கடிகாரக் கடைக்காரர்களுக்கு அப்போது சரியான நேரம் தேவைப்பட்டது. கிரீன்விச்சில் 1833 முதல் பகல் ஒரு மணிக்குக் கோபுரத்திலிருந்து ஒரு பந்து இறங்கும். ஆற்றில் நிற்கும் கப்பல்களுக்கு அது தெரியும், நகரத்துக்குள் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாது. அவர்கள் வானாய்வகத்துக்கே வந்து மணி கேட்டார்கள். 1835இல் அரசு வானியலாளரான ஏரி என்பவருக்கு அது இடைஞ்சலாக இருந்தது. 1836இல் பெல்வில் நேரத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். சுமார் 200 வாடிக்கையாளர்கள், ஆண்டுச் சந்தா. தங்கக் கடிகாரத்தோடு லண்டன் சந்துகளில் நடப்பது திருடனுக்கு வைக்கிற விருந்து. ஆகவே தங்கக் கூட்டைக் கழற்றிவிட்டு வெள்ளிக் கூடு போட்டுக்கொண்டார்.

1856இல் அவர் இறந்தபோது மனைவி மரியாவுக்கு வேறு வருமானமில்லை. மகள் ரூத்துக்கு இரண்டு வயது. மரியா அனுமதி பெற்று அதே வேலையைத் தொடர்ந்தார், 1892 வரை. பிறகு ரூத். திங்கள்கிழமைகளில் கிரீன்விச்சுக்குப் போவார். கடிகாரத்தைக் கொடுத்து, பிசகு எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு, கைப்பையில் வைத்து ரயிலிலும் நடையுமாக நகரத்தைச் சுற்றுவார். வெடுக்கென்று திரும்பினாலே தாவிவிடக்கூடிய டிடென்ட் கடிகாரம் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நெரிபட்டு, படியேறி இறங்கி, வருஷக்கணக்கில் அதைப் பத்திரமாகச் சுமந்ததே ஒரு கைத்திறன்தான். ஆர்னால்டின் கை முடிந்த இடத்தில் இந்தப் பெண்களின் கை தொடங்குகிறது. அதைத் தொழில் வரலாற்றில் சேர்க்காமல் விடுவது சரியில்லை.

இதற்கிடையே 1852இலேயே கிரீன்விச் நேரம் தந்தியில் போகத் தொடங்கிவிட்டது. தந்தி வழியே நேரம் விற்ற ஸ்டாண்டர்டு டைம் கம்பெனியின் இயக்குநர் செயின்ட் ஜான் வின் 1908இல் ஒரு கூட்டத்தில் பேசும்போது, ஒரு பெண் கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் நேரம் கொடுக்கும் வழக்கத்தை ஏளனம் செய்தார். பெண் என்பதால்தான் அவளுக்கு வானாய்வகத்தில் அனுமதி கிடைத்தது என்ற தொனியில் பேசினார். பத்திரிகையில் அது வந்தது. நிருபர்கள் ரூத்தைத் தேடிப் போனார்கள். அதனால் அவருக்குப் புது வாடிக்கையாளர்கள்தான் கிடைத்தார்கள். தந்திக் கம்பி அறுந்தால், பழுதானால் நேரம் வராது. ரூத் வந்துவிடுவார். 1924 பிப்ரவரி 5 அன்று பிபிசி வானொலி ஆறு ‘பிப்’ ஒலியில் மணி சொல்லத் தொடங்கியது. 1936இல் தொலைபேசியில் கேட்டால் மணி சொல்லும் வசதி வந்தது. அதற்குப் பிறகும் சுமார் 50 பேர் ரூத்திடம் நேரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

லண்டனில் குண்டு விழத் தொடங்கிய 1940இல், 86 வயதில், அவர் நிறுத்திக்கொண்டார். கடிகாரத் தொழிலாளர் சங்கமான க்ளாக்மேக்கர்ஸ் கம்பெனி அவருக்கு ஓய்வூதியம் அளித்தது. 1943 டிசம்பரில், வீட்டில் தாழ்த்தி எரியவிட்ட எரிவாயு விளக்கிலிருந்து கசிந்த நச்சுவாயுவால் அவர் இறந்தார். கடிகாரம் அந்தச் சங்கத்திடம் சேர்ந்தது. லண்டன் சயன்ஸ் மியூசியத்தில் 2015 முதல் இருக்கும் சங்கத்தின் காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

அதே தொகுப்பில் ஹாரிசனின் ஐந்தாவது கடிகாரமும் இருக்கிறது; 1772இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே முன்னின்று சோதித்தது அது. லண்டன் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், இடையில் இருக்கும் இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் இந்தத் தொழில் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது பிடிபடும். நேரம் ஆகிவிட்டது. டிடென்ட் வேலை செய்வதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். அது விளங்காதவர்கள் முன்னே வாருங்கள், இந்தப் பலகையில் வரைந்து காட்டுகிறேன்.